பத்து முறை எம்.பி., 71 வாக்கில் தோல்வி: லட்சத்தீவின் பி.எம். சயீத் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லட்சத்தீவு என்றதும் நீலக் கடலும் சுற்றுலா விளம்பரமும்தான் நமக்கு ஞாபகம் வரும். அங்கேயும் தேர்தல் உண்டு, கட்சி உண்டு, கோஷ்டி உண்டு. தலைமுறை தாண்டிய பகையும் உண்டு. அந்த அரசியலைப் புரிந்துகொள்ள ஒரே ஒருவரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். அவர் பி.எம். சயீத். அவரைப் பற்றியும், அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களைப் பற்றியும் வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

யார் இந்த பி.எம். சயீத்?

லட்சத்தீவின் ஆந்த்ரோத் தீவைச் சேர்ந்தவர். 1941 மே 10-ஆம் தேதி பிறந்தார். சட்டம் படித்தவர். 1967 முதல் 2004 வரை, ஒரு தேர்தலைக்கூட விடாமல் தொடர்ந்து பத்து முறை லட்சத்தீவு மக்களவை உறுப்பினராக இருந்தார். 1990களின் கடைசியில் தொலைக்காட்சியில் மக்களவை நடவடிக்கைகளைப் பார்த்தவர்கள் அவரைச் சபாநாயகர் இருக்கையில் கண்டிருப்பார்கள். அப்போது அவர் துணை சபாநாயகர். 2005 டிசம்பர் 18 அன்று தென்கொரியத் தலைநகர் சியோலில் காலமானார்.

தொடர்ந்து பத்து வெற்றி என்பது இந்திய நாடாளுமன்ற வரலாற்றில் மிக அரிது. பெரிய பெரிய தேசியத் தலைவர்களுக்கே இடையில் ஒரு தோல்வியாவது இருக்கும். நாட்டின் மிகச் சிறிய தொகுதியிலிருந்து வந்த ஒருவர் இதைச் செய்திருக்கிறார்.

மிகச் சிறிய தொகுதி என்றால் எவ்வளவு சிறியது?

லட்சத்தீவின் மொத்த நிலப்பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழும் தீவுகள் பத்து: கவரத்தி, ஆந்த்ரோத், அமினி, அகத்தி, கட்மத், கல்பேனி, கில்தான், செத்லத், பித்ரா, மினிக்காய். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64,473. 2024 தேர்தலில் வாக்காளர்கள் சுமார் 58 ஆயிரம் பேர். சென்னை மாநகராட்சியில் சராசரியாக இரண்டு வார்டுகளைச் சேர்த்தால் ஏறக்குறைய இவ்வளவு வாக்காளர்கள் வந்துவிடுவார்கள்.

ஆனால் ஆள் குறைவு என்பதற்காக வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கே பித்ராவுக்கும் தெற்கே மினிக்காய்க்கும் இடையே 300 கிலோமீட்டருக்கு மேல் கடல் கிடக்கிறது. ஒரே நாளில் பத்து கிராமம் சுற்றும் பிரச்சார வேன் இங்கே கிடையாது. ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போகப் படகோ கப்பலோ வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அதுவும் நிச்சயம் இல்லை. பித்ராவில் 2011-இல் இருந்தவர்கள் 271 பேர். அந்த 271 பேருக்காகவும் வேட்பாளர் கடல் தாண்டிப் போகத்தான் வேண்டும். போகாமல் இருந்தால் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், ஏனென்றால் ஊரே அவ்வளவுதான்.

மொழியும் ஒரு சிக்கல். மற்ற தீவுகளில் பேசுவது மலையாளத்தின் ஒரு வகையான ஜெசரி. மினிக்காயில் மட்டும் மஹல் பேசுகிறார்கள். அது மாலத்தீவின் திவேஹியோடு சேர்ந்தது, எழுத்தே வேறு. வடக்குத் தீவுகளில் கைதட்டல் வாங்கிய பேச்சை அப்படியே மினிக்காயில் பேசிவிட்டு வர முடியாது.

லட்சத்தீவுக்கும் தமிழகத்துக்கும் ஏதாவது தொடர்பு இருந்ததா?

நிர்வாகத் தொடர்பு இருந்தது. 1956 வரை இந்தத் தீவுகள் மதராஸ் மாநிலத்தில்தான் இருந்தன. அமினி பக்கத்துத் தீவுகள் தென் கனரா மாவட்டத்திலும், மற்றவை மலபார் மாவட்டத்திலும் இருந்தன. மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, 1956 நவம்பர் 1 அன்று இவை தனி யூனியன் பிரதேசமாயின. அப்போதைய பெயர் 'லக்கதீவ், மினிக்காய், அமினிதீவி தீவுகள்'. தலைமையகம் முதலில் கோழிக்கோட்டில், அதாவது தீவுகளுக்கு வெளியே இருந்தது. 1964-இல்தான் கவரத்திக்கு வந்தது. லட்சத்தீவு என்ற பெயர் 1973-இல் கிடைத்தது.

அங்கே சட்டமன்றம் இருக்கிறதா?

இல்லை. இந்தக் கதையின் முடிச்சே இதுதான்.

புதுச்சேரிக்கு முதலமைச்சர் உண்டு, எம்.எல்.ஏ.க்கள் உண்டு. லட்சத்தீவுக்கு இரண்டும் இல்லை. குடியரசுத் தலைவர் நியமிக்கும் நிர்வாகி ஒருவர்தான் அரசாங்கம். அவர் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குப் பதில் சொல்கிறாரே தவிர, தீவில் வாக்களித்த யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மாநிலங்களவையிலும் லட்சத்தீவுக்கு இடம் கிடையாது.

ஆக, ஒரு தீவுக்காரர் அரசியலுக்கு வந்தால் ஏறுவதற்கு இரண்டே படிகள். கீழே தீவுப் பஞ்சாயத்து, மேலே நாடாளுமன்றம். நடுவில் எம்.எல்.ஏ., அமைச்சர், வாரியத் தலைவர் என்று எதுவும் இல்லை. மேல் படியில் ஒரே ஒருவர்தான் நிற்க முடியும். சயீத் அந்த இடத்தில் 37 ஆண்டுகள் நின்றார். ஒரு தலைமுறையின் அரசியல் ஆசை முழுவதும் அந்த ஒரு நாற்காலிக்காகக் காத்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வெளியூர்க்காரர் யாராவது அங்கே போட்டியிடலாமா?

முடியாது. மக்களவைக்கு நிற்க இந்தியாவின் ஏதோ ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும் என்பது பொது விதி. லட்சத்தீவு அதற்கு விலக்கு. தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர் லட்சத்தீவுப் பழங்குடியினராகவும், அதே தொகுதியின் வாக்காளராகவும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. பழங்குடி என்றால் யார்? தானும் தன் தாய் தந்தை இருவரும் அந்தத் தீவுகளில் பிறந்திருக்க வேண்டும். அதனால் டெல்லியிலிருந்து ஒரு நட்சத்திர வேட்பாளரைக் கொண்டுவந்து இறக்கும் கதை அங்கே நடக்காது. சுற்றிப் பார்க்கப் போவதற்கே நமக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது வேறு விஷயம்.

சயீதுக்கு முன்னால் எம்.பி.யாக இருந்தவர் யார்?

கே. நல்ல கோயா தங்ஙள். ஆனால் அவர் தேர்தலில் நின்று வந்தவர் அல்ல. 1957 முதல் 1967 வரை லட்சத்தீவு உறுப்பினரைக் குடியரசுத் தலைவர்தான் நியமித்தார். நாடு மூன்று பொதுத் தேர்தல்களைப் பார்த்து முடித்த பிறகுதான், 1967-இல், தீவு மக்கள் முதல் முறையாகத் தங்கள் எம்.பி.யைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்த முதல் தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றவர் சயீத். தேர்தலில் நிற்பதற்கான குறைந்தபட்ச வயதான 25-ஐத் தாண்டிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

1957-இலிருந்து கணக்குப் பார்த்தால்கூட லட்சத்தீவுக்கு மொத்தம் ஐந்தே எம்.பி.க்கள்: நல்ல கோயா தங்ஙள், சயீத், பி. பூக்குஞ்ஞி கோயா, ஹம்துல்லா சயீத், முகமது ஃபைசல். ஐந்து பேரில் இருவர் அப்பா, மகன்.

பத்து முறை வென்றது எப்படி? எதிர்ப்பே இல்லையா?

ஒரு முறை உண்மையிலேயே இல்லை. 1971-இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். மற்றபடி எதிர்ப்பு எப்போதும் இருந்தது, வாக்குப்பதிவும் அங்கே எப்போதுமே அதிகம். 80 சதவீதத்துக்கு மேல் என்பது லட்சத்தீவில் சாதாரணம்.

காரணம் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுவது கஷ்டம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். முதலில் வந்தவர் என்ற அனுகூலம் அவருக்குப் பெரிதாக இருந்தது. 1967-இல் தீவுகளில் படித்தவர்கள் குறைவு. கல்லூரிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கடல் தாண்டி நிலப்பகுதிக்குப் போக வேண்டும். அரசாங்கம் கோப்பிலும் ஆங்கிலத்திலும் நடந்தது. இதையெல்லாம் பேசத் தெரிந்த, டெல்லியில் கதவைத் தட்டக்கூடிய ஒரு ஆள் வேண்டும் என்ற தேவைக்கு அவர் பொருந்தினார். அப்புறம் வருஷம் ஏற ஏற, டெல்லியில் அவருக்கு இருந்த பழக்கமே அவருடைய தகுதியாக மாறியது. புதிதாக ஒருவரை அனுப்பினால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே என்ற கணக்கு வாக்காளருக்கு இருந்திருக்கும். சட்டமன்றம் இல்லாத இடத்தில் வேறு யாரும் தன் திறமையைக் காட்டி வளர வழியில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் கட்சி மாறினாரா?

1967-இல் சுயேச்சை. 1971-இலும் 1977-இலும் காங்கிரஸ். 1980-இல், இந்திராவிடமிருந்து பிரிந்த கர்நாடகத் தலைவர் தேவராஜ் அர்ஸ் பக்கம் இருந்த காங்கிரஸ் பிரிவு. பிறகு மீண்டும் காங்கிரஸ், கடைசிவரை. இந்திரா அலை, அவசரநிலைக்குப் பிந்தைய எதிர் அலை, ராஜீவ் அலை எல்லாம் இந்த ஆண்டுகளுக்குள்தான் வந்துபோயின. சின்னம் மாறியபோதும் தீவுகளின் முடிவு மாறவில்லை. அந்த நாட்களில் மக்கள் வாக்களித்தது ஆளுக்குத்தான், கட்சிக்கு அல்ல என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

டெல்லியில் என்னென்ன பதவி வகித்தார்?

1979-80 காலத்தில் எஃகு, நிலக்கரி, சுரங்கத் துறை இணையமைச்சர். நரசிம்ம ராவ் ஆட்சியில் 1993 முதல் உள்துறை இணையமைச்சர், பிறகு தகவல் ஒலிபரப்பு. 1998 டிசம்பரில் மக்களவைத் துணை சபாநாயகர் ஆனார். ஆட்சியில் இருந்தது வாஜ்பாய் அரசு. துணை சபாநாயகர் பதவியை எதிர்க்கட்சிக்குத் தரும் மரபுப்படி காங்கிரஸ்காரரான சயீதுக்கு அது கிடைத்தது. 1999 தேர்தலுக்குப் பிறகும் அதே பதவியில் 2004 வரை தொடர்ந்தார். 2002 மார்ச்சில் சபாநாயகர் ஜி.எம்.சி. பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். மனோகர் ஜோஷி மே மாதம் பொறுப்பேற்கும் வரை அவையை நடத்தும் பொறுப்பு சயீதிடம் இருந்தது.

இந்தப் பட்டியலில் என்னை நிறுத்திவைத்தது உள்துறைதான். லட்சத்தீவு நிர்வாகி பதில் சொல்ல வேண்டிய அமைச்சகம் அது. சொந்தத் தீவில் ஒரு தெருவிளக்கைப் போடச் சொல்லிக் கூட உத்தரவிட அதிகாரமில்லாத எம்.பி., அந்தத் தீவை ஆளும் அமைச்சகத்திலேயே போய் உட்கார்ந்தார். லட்சத்தீவு அரசியல்வாதி ஒருவர் உண்மையான அதிகாரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் போனது அந்த ஒரு தடவைதான்.

தீவுகளுக்கு அவர் செய்தது என்ன?

அவர் காலத்தில் தீவுகள் நிறையவே மாறின. பள்ளிகள் வந்தன, மின்சாரம் பரவியது, கப்பல்கள் கூடின, 1988-இல் அகத்தியில் விமான ஓடுதளம் திறக்கப்பட்டது. ஆனால் இதில் எது அவரால் வந்தது, எது நிர்வாகியின் கோப்பில் பிறந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். எம்.பி. கடிதம் எழுதுவார், அமைச்சரைப் பார்ப்பார், ஆலோசனைக் குழுவில் பேசுவார். கையெழுத்து வேறொருவருடையது. வந்தால் எம்.பி. கொண்டுவந்தார், வராவிட்டால் நிர்வாகி தடுத்தார் என்று சொல்ல இது வசதியான ஏற்பாடு. ஆதரவாளர்கள் ஒன்றைச் சொல்வார்கள், எதிர்க்கோஷ்டி மற்றதைச் சொல்லும். இரண்டையும் பாதி நம்பினால் போதும்.

எம்.பி.யின் கையில் நேரடியாக இருந்தது தொகுதி மேம்பாட்டு நிதி. இப்போது அது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய், எல்லாத் தொகுதிக்கும் ஒரே தொகை. 20 லட்சம் வாக்காளர் உள்ள தொகுதிக்கும் அதே 5 கோடி, லட்சத்தீவுக்கும் அதே 5 கோடி. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் லட்சத்தீவு எம்.பி. பணக்காரர்தான். ஆனால் மணலும் சிமெண்டும் கம்பியும் கப்பலில் வந்து இறங்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2004-இல் தோற்றது எப்படி?

71 வாக்குகளில். இரண்டு பேருமே 15,500-க்கு மேல் வாங்கியிருந்தார்கள். வென்றவர் ஐக்கிய ஜனதா தளத்தின் டாக்டர் பி. பூக்குஞ்ஞி கோயா. நிதிஷ் குமாரின் பீகார் கட்சி அரபிக்கடலில் போய் ஜெயித்ததா என்று கேட்கத் தோன்றும். கட்சிக்கு இதில் பெரிய பங்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சயீதுக்கு எதிரான வாக்குகள் ஒரு ஆளிடம் சேர்ந்தன, அந்த ஆளிடம் அந்தச் சின்னம் இருந்தது. அதே கோயா பின்னர் தேசியவாத காங்கிரசுக்குப் போய்விட்டார்.

2004-இல் நாட்டிலேயே மிகக் குறைந்த வித்தியாசம் இதுதான். தாய்வழியில் தொடரும் பெரிய தறவாட்டுக் குடும்பங்கள் வாழும் தீவுகளில் 71 என்பது இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் மனம் மாறினால் வரும் எண்ணிக்கை. யார் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று ஊருக்கே ஊகம் இருக்கும் இடத்தில், இப்படித் தோற்பது பல்லாயிரம் வாக்கில் தோற்பதைவிட மோசமாக இருந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எட்டு ஆண்டுகள் கழித்துக் காங்கிரஸ் தலைமையில் ஆட்சி அமைந்தது அந்தத் தேர்தலில்தான். கட்சி ஜெயித்தது, கட்சியின் பழுத்த எம்.பி. தோற்றார்.

தோல்வியோடு அரசியல் முடிந்ததா?

இல்லை. மன்மோகன் சிங் அமைச்சரவையில் மின்துறை கேபினெட் அமைச்சரானார். ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு அவையில் உறுப்பினராக வேண்டும். லட்சத்தீவுக்கு மாநிலங்களவை இடம் இல்லாததால் டெல்லியிலிருந்து தேர்வானார். பத்து முறை ஜெயித்தபோது கிடைக்காத கேபினெட் பதவி, தோற்ற பிறகு கிடைத்தது. அடுத்த ஆண்டே காலமானார்.

மகன் ஹம்துல்லா சயீத் எப்போது வந்தார்?

2009-இல். அப்பாவைத் தோற்கடித்த அதே கோயாவை 2,198 வாக்குகளில் தோற்கடித்தார். அந்த மக்களவையின் மிக இளைய உறுப்பினர்களில் ஒருவர். அப்பாவைப் போல ஒரே ஓட்டமாக ஓட அவருக்கு வாய்க்கவில்லை. 2014-இல் தேசியவாத காங்கிரசின் முகமது ஃபைசலிடம் 1,535 வாக்குகளிலும், 2019-இல் அதே ஃபைசலிடம் 823 வாக்குகளிலும் தோற்றார். 2024-இல் ஃபைசலை 2,647 வாக்குகளில் வென்று திரும்பி வந்தார். ஃபைசலும் ஆந்த்ரோத்துக்காரர்தான்.

2024-இல் இரண்டு பேரின் கட்சிகளும் தேசிய அளவில் ஒரே 'இந்தியா' கூட்டணி. தீவில் அதற்கெல்லாம் மதிப்பில்லை.

ஃபைசல் மீதான வழக்கு என்ன? பதவி போய் வந்தது என்கிறார்களே?

2009 தேர்தல் நேரத்தில் ஆந்த்ரோத்தில் நடந்த மோதல் தொடர்பான கொலை முயற்சி வழக்கு. தாக்கப்பட்டவர் சயீத் குடும்பத்து உறவினர். 2023 ஜனவரி 11 அன்று கவரத்தி செஷன்ஸ் நீதிமன்றம் ஃபைசலுக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. உடனே எம்.பி. பதவி போனது. ஒரே வாரத்தில் தேர்தல் ஆணையம் இடைத்தேர்தல் தேதியை அறிவித்தது. அதற்குள் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பை நிறுத்திவைத்தது, இடைத்தேர்தலும் நின்றது. குறுகிய காலத்துக்காக இடைத்தேர்தல் நடத்தும் செலவையும் உயர்நீதிமன்றம் ஒரு காரணமாகப் பார்த்தது.

அதன் பிறகும் பதவி தானாகத் திரும்பவில்லை. மார்ச் 29-இல், உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவிருந்த நாளில், மக்களவைச் செயலகம் திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உயர்நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. அக்டோபரில் தீர்ப்பை நிறுத்திவைக்க உயர்நீதிமன்றம் மறுத்தது, பதவி இரண்டாவது முறை போனது. சில நாட்களில் அந்த உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது, நவம்பரில் பதவி இரண்டாவது முறை வந்தது. ஒரே ஆண்டில் இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தது. தொகுதியின் ஒரே மக்கள் பிரதிநிதி இப்படி ஊசலாடியபோது, அவருக்குப் பதிலாகப் பேச எம்.எல்.ஏ. என்று ஒருவர் அங்கே இல்லை.

பஞ்சாயத்து வழியாக மேலே வர முடியாதா?

வரலாம். 1994-இல் பஞ்சாயத்து ஒழுங்குமுறை வந்தது. பத்துத் தீவுகளுக்கும் பத்து தீவுப் பஞ்சாயத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மாவட்டப் பஞ்சாயத்து. மாவட்டப் பஞ்சாயத்தின் தலைவருக்கு 'தலைவர் மற்றும் தலைமை ஆலோசகர்' என்று நீளமான பட்டம். சட்டமன்றம் இல்லாத இடத்தில் இதுதான் முதலமைச்சர் பதவிக்குப் பக்கத்தில் வரும் நாற்காலி.

அதன் கைகளும் எவ்வளவு நீளம் என்பது 2021-இல் தெரிந்தது. 2020 டிசம்பரில் நிர்வாகியாக வந்தவர் பிரஃபுல் கோடா படேல். பெரும்பாலும் அதிகாரிகளே வகித்த பதவிக்கு வந்த அவர், குஜராத்தின் முன்னாள் உள்துறை இணையமைச்சர், அதாவது ஒரு அரசியல்வாதி. 2021 மே மாதம் கல்வி, சுகாதாரம், விவசாயம், கால்நடை, மீன்வளம் ஆகிய ஐந்து துறைகளையும் மாவட்டப் பஞ்சாயத்திடமிருந்து நிர்வாகம் ஓர் உத்தரவில் திரும்ப எடுத்துக்கொண்டது. இரண்டு குழந்தைக்கு மேல் உள்ளவர்கள் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற வரைவும் வந்தது. அதே வரைவில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இவற்றோடு நில மேம்பாட்டு வரைவு, மாட்டிறைச்சித் தடை வரைவு, குண்டர் சட்ட வரைவு எல்லாம் சேர, தீவுகள் கொதித்தன. ஜூன் 7 அன்று மக்கள் வீட்டிலேயே 12 மணிநேர உண்ணாவிரதம் இருந்தார்கள். கேரள சட்டமன்றம் மே 31 அன்றே ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது. லட்சத்தீவுக்காகத் தீர்மானம் போட லட்சத்தீவில் ஒரு மன்றம் இல்லை, பக்கத்து மாநிலம்தான் போட வேண்டியிருந்தது.

பாரதிய ஜனதாவின் நிலை என்ன?

2019-இல் அதன் வேட்பாளர் வாங்கியது 125 வாக்கு. 2024-இல் தானாக நிற்காமல், தேசியவாத காங்கிரஸ் உடைந்தபின் அஜித் பவார் பக்கம் போன பிரிவின் வேட்பாளரை ஆதரித்தது. அவர் வாங்கியது 201.

பெண்கள் யாராவது எம்.பி. ஆகியிருக்கிறார்களா?

இதுவரை இல்லை. தாய்வழிச் சொத்துரிமை வழங்கிய சமூகம், பெண்கள் படிப்பிலும் அரசு வேலையிலும் முன்னே வந்த இடம். இருந்தும் அந்த ஒற்றை நாற்காலிக்கான போட்டி இரண்டு மூன்று ஆண்களின் கோஷ்டிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மினிக்காயில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆண்களுக்கு ஒரு தலைவரும் பெண்களுக்கு ஒரு தலைவியும் இருக்கும் பழைய வழக்கம் உண்டு. அந்த வழக்கம் கட்சி அரசியலுக்கு ஏறவில்லை.

இப்போதைய எம்.பி.க்கு முன்னால் இருக்கும் பெரிய பிரச்சினை?

கப்பல் டிக்கெட்டும் மருத்துவமும் நிரந்தரப் பிரச்சினைகள், அவை அவருடைய அப்பா காலத்திலும் இருந்தன. புதியது பித்ரா. மக்கள் வாழும் தீவுகளிலேயே மிகச் சிறியதான அதைப் பாதுகாப்புத் தேவைக்காகக் கையகப்படுத்துவது பற்றி 2025 ஜூலையில் நிர்வாகம் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கான அறிவிப்பை வெளியிட்டது. ஹம்துல்லா சயீத் அதை எதிர்த்து, நாடாளுமன்றத்திலும் சட்ட வழியிலும் போராடுவோம் என்றார்.